வம்பு நாற்காலி

தலையாட்டினார். பஷீர் பாய் தலையாட்டினார். அதுவும் வம்பு நாற்காலியில் மல்லாக்கச் சாய்ந்துகொண்டு, வயிற்றின்மேல் இரண்டு கையையும் கோத்து வைத்துக்கொண்டு, தாடி மேலும் கீழும் போக அழகாகத் தலையாட்டினார். இந்த அக்கிரமத்தைக் கேட்க இந்த அறையில் ஒரு நாதி இல்லையா என்று மங்கையர்க்கரசி சுற்றிப் பார்த்தாள். இல்லை. டாக்டர் ஞானராஜ் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். ஆறிப்போன டீயை எதற்கு இன்னும் ஆற்றுகிறார்? தமயந்தி, பாங்க்கில் வேலை பார்க்கிற பெண், கூட்டத்திலேயே சின்னவள், கன்னத்தில் கை வைத்துக்கொண்டு மங்கையர்க்கரசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள், ஆண்டு விழாவில் பாடி முடித்த பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி. அப்படி என்னதான் சொல்லிவிட்டாள் மங்கையர்க்கரசி? "வலி இல்லாம இருக்கறதுதான் மகிழ்ச்சி. அதுக்கு மேல மகிழ்ச்சின்னு தனியா ஒரு வஸ்து கிடையாது." இவ்வளவுதான். இதையே போன வருஷம் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? "அப்படின்னா மயக்க ஊசி போட்டுக்கிட்டுப் படுத்துக் கிடக்கறவன்தான் ஊர்லயே மகிழ்ச்சியான ஆளா?" என்று டாக்டர் பாய்ந்து வந்திருப்பார். ஒரு பல் டாக்டருக்கு முதலில் தோன்றவேண்டிய கேள்வியே அதுதானே. அந்தக் கேள்வி வரட்டும் என்றுதான் அவள் வாக்கியத்தில் வேண்டுமென்றே ஓர் ஓட்டை விட்டிருந்தாள், யானை நுழைகிற ஓட்டை. ஒருத்தரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "சரியாச் சொன்னீங்க மேடம்" என்றார் பஷீர் பாய். கொஞ்சம் முன்னால், திருப்திதான் மகிழ்ச்சி என்று சொன்ன பாவத்துக்காக, இதே பஷீர் பாய் தமயந்தியைக் கிழித்துத் தோரணம் கட்டியிருந்தார். "என் டயர் கடையில ஒரு பூனை நாள் பூரா தூங்குது. அதுக்கில்லாத திருப்தியா? அது என்ன, ஞானியா?" பூனைக்கெல்லாம் மறுப்பு உண்டு. மங்கையர்க்கரசிக்குத்தான் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாலக்கரையில் இருக்கும் இந்தப் பல் ஆஸ்பத்திரிக்கு நோயாளிகள் வருவதில்லை, தத்துவம்தான் வரும் என்று டாக்டரே கேலி செய்வார். எத்தனையோ வருஷமாக இப்படித்தான். யாராவது ஒருவர் ஒரு கேள்வியைக் கொண்டுவருவார், படித்ததை வைத்தும் படிக்காததை வைத்தும் மதியம் பசி எடுக்கிறவரை அடித்துக்கொள்வார்கள். அறைக்கு நடுவில் பல் பிடுங்குகிற நாற்காலி, சுற்றிலும் பிளாஸ்டிக் நாற்காலிகள். பிடுங்குகிற நாற்காலிதான் வம்பு நாற்காலி. வாரம் ஒருத்தர் முறை வைத்து அதில் ஏறிச் சாய்ந்துகொள்ள வேண்டும், ஏறினவர் அன்றைக்கு யார் எதைச் சொன்னாலும் மறுத்தே ஆகவேண்டும், மனதுக்குள் சரி என்று பட்டாலும் மறுக்கவேண்டும், வாய் தவறி ஆமாம் என்று சொல்லிவிட்டால் அடுத்த வாரம் எல்லோருக்கும் உளுந்து வடை அவர் வாங்கிவர வேண்டும். வலிக்கப்போகிறவன்தான் அதில் உட்காரவேண்டும் என்பது ஞானராஜ் போட்ட சட்டம். முதல் தடவை மங்கையர்க்கரசி அதில் ஏறிச் சாய்ந்தபோது தலைக்கு மேலே இருக்கும் அந்த விளக்கு முகத்தில் அடித்ததும், இது தப்பு என்று வாய்விட்டுச் சொன்னதும், சொன்ன சத்தத்தைக் கேட்டு அவளுக்கே உடம்பு ஒரு தரம் சிலிர்த்ததும் இன்னும் அப்படியே மனசில் இருக்கிறது. ஜில்லா கோர்ட்டில் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். காலமெல்லாம் வக்கீல்கள் எழுந்து எழுந்து ஆட்சேபணை ஆட்சேபணை என்று கத்தியதை ஒன்றுவிடாமல் எழுதியவள். அவளாக ஒரு ஆட்சேபணை செய்ததில்லை. அந்த உயரமான நீதிபதி, கோடைக்கு மோர் கொண்டுவருவாரே, அவர் பெயர் என்ன, அவர் ஒருநாள் தீர்ப்பில் முன்பக்கம் சொன்னதற்குப் பின்பக்கம் நேர்மாறாகச் சொன்னபோதுகூட அவள் பென்சில் நிற்கவில்லை, மனசு மட்டும் நின்றது. பெயர் என்ன. கே-யில் தொடங்கும். கிருஷ்ண... இல்லை. போகட்டும். அவர் பெயர் எதற்கு இப்போது, அவரா வந்து மறுக்கப்போகிறார்.

பெயர் வராவிட்டால் என்ன, எல்லாருக்கும்தான் பெயர் வருவதில்லை, வயசு அறுபதைத் தாண்டினால் பெயர் போகும், பல் போகும், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுவார்கள். அது வேறு. இது வேறு என்று பயம் சொல்கிறது. தை மாதம் ஒரு விடியற்காலையில் பால் பாக்கெட்டை எடுக்கக் குனிந்தவளுக்கு இடது கை தன்னுடையது இல்லை என்று தோன்றியது, யாரோ தோளில் மாட்டிவிட்டுப் போன பை மாதிரி தொங்கியது. மூளையில் சின்ன அடைப்பு, நல்லவேளை, சீக்கிரம் கொண்டுவந்தீர்கள் என்றார்கள். கை திரும்பிவிட்டது. பேச்சு திரும்பிவிட்டது. கோணின வாயும் நேராகிவிட்டது, கண்ணாடியில் தினமும் பார்க்கிறாளே. திரும்பாதது ஒன்றுதான், அது அவளுடையதே இல்லை, இவர்களுடைய மறுப்பு. ஆஸ்பத்திரியில் பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் அவள் கணவர் துரைசாமி இவர்கள் மூவரையும் நிற்கவைத்துப் பேசியது ஒரு எழுத்துக்கூட விடாமல் அவள் காதில் விழுந்தது. "அவளுக்குக் கோவம் வரவே கூடாதாம். இனிமே எது சொன்னாலும் சரின்னு சொல்லிடுங்க. உங்க கால்ல விழுந்து கேட்டுக்கறேன்." நல்ல மனுஷன். அழுதுகொண்டே சொன்னார். அதற்கு ஞானராஜின் குரல், அவளுடைய வாதங்களையெல்லாம் பல்லைப் போலக் குறடு வைத்து ஆட்டிப் பார்த்த அதே ஞானராஜின் குரல், "சரி துரைசாமி" என்றது. கூடாது என்று கத்தினாள் மங்கையர்க்கரசி. அப்படித்தான் கத்த நினைத்தாள். வாயிலிருந்து வந்தது "சாவி". சாவி, சாவி, சாவி. நாலு பேரும் உள்ளே ஓடிவந்தார்கள். எந்தச் சாவி, பீரோ சாவியா என்று துரைசாமி பையைக் கொட்டித் தேடினார், பஷீர் பாய் கட்டிலுக்கடியில் தவழ்ந்தார், தமயந்தி அழுதாள். தன் வாழ்க்கையின் மிக முக்கியமான ஆட்சேபணையை அவள் அன்றைக்குச் செய்தாள், அது ஒரு பீரோ சாவியாகப் போய்ச் சேர்ந்தது. சிரிப்பு வருகிறது. இப்போது சிரித்தால் தமயந்தி தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

வந்தேவிட்டாள், தண்ணீரோடு இல்லை, வடையோடு. "எண்ணெயை ஒத்தி எடுத்துட்டேம்மா, சாப்பிடுங்க." அம்மா. மார்கழி வரைக்கும் மேடம், தையிலிருந்து அம்மா. எண்ணெய் போன வடையைக் கையில் வாங்கிக்கொண்டாள். இடது கையில் வாங்கினாள், வேண்டுமென்றே, பிடி நிற்கிறதா என்று பார்க்க, அவர்களும் பார்க்கட்டும் என்று. நின்றது. மார்கழியில் அவள் தன் முறைக்கென்று எடுத்துவைத்திருந்த கேள்வி நினைவிருக்கிறது, எல்லாம் மறந்துபோன ஆள் அதே ஆள்தானா. அதற்குள் அடைப்பு வந்துவிட்டது. திரும்பி வந்த முதல் ஞாயிறு, அதை எடுத்துக்கலாமா என்று கேட்டாள். மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். "அது எதுக்கு இப்ப, கனமான விஷயம், மகிழ்ச்சியைப் பத்திப் பேசுவோமே" என்றார் டாக்டர். காய்ச்சல்காரிக்குக் கஞ்சி மாதிரி மகிழ்ச்சி. அன்றிலிருந்து மகிழ்ச்சி, வாராவாரம் மகிழ்ச்சி, அவளுக்கு மகிழ்ச்சி என்ற சொல்லைக் கேட்டாலே குமட்டுகிறது. வம்பு நாற்காலி முறையும் அவளைத் தாண்டிப் போய்விடுகிறது, பாய், டாக்டர், தமயந்தி, பாய். கேட்டால், அதில் ஏறி இறங்குவது சிரமம் மங்கை, வழுக்கும் என்கிறார் டாக்டர். அந்த நாற்காலியில் எண்பது வயசுக் கிழவர்கள் ஏறி இறங்குகிறார்கள், பல்லைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். இவளுக்கு மட்டும் வழுக்குமாம்.

வெறுமனே கோபமாக இருந்தால் பரவாயில்லை, கோபத்தை எப்படியாவது செரித்துவிடலாம். அடியில் கிடப்பது அது இல்லை. மூன்று பேரும் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார்கள், அது அவளுக்குத் தெரியும், ஆகவே அவள் சரியாகப் பேசினாலும் தலையாட்டுவார்கள், பிதற்றினாலும் தலையாட்டுவார்கள். அப்படியென்றால் அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம்? ஒன்றும் இல்லை. சரி, பேசுவது பிதற்றல் என்றால் பிதற்றுகிறவளுக்கு அது தெரியுமா? சாவி என்றபோது அவள் காதுக்கும் அது முதலில் கூடாது என்றுதானே கேட்டது. இவர்கள் பையைத் தேடத் தொடங்கிய பிறகுதானே வாய் தப்பாகச் சொல்லியிருக்கிறது என்று தெரிந்தது. இன்றைக்குக் காலையில் காய்க்காரியிடம் நின்றுகொண்டு, பச்சையாக, ஒல்லியாக, கொத்துக்கொத்தாக, பருப்பு உசிலிக்குப் போடுவார்களே, அதன் பெயர் வராமல் விரலால் காட்டி வாங்கி வந்தாள். தெருமுனை திரும்பியதும் கொத்தவரங்காய் என்று தானாக வந்தது, அவள் நடுரோட்டில் நின்று கொத்தவரங்காய் என்று சத்தமாகச் சொன்னாள், சைக்கிளில் போனவன் திரும்பிப் பார்த்தான். காய் போனால் போகிறது. யோசனை போயிருந்தால்? ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகிற வழி நடுவில் எங்கேயாவது அறுந்துபோய், அறுந்தது தெரியாமல் அவள் பாட்டுக்குத் தாண்டித் தாண்டிப் பேசிக்கொண்டிருந்தால்? இவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான், சத்தியத்துக்காக இல்லை, பரிதாபத்துக்காகத் தலையாட்டுகிறார்கள் என்றால்? வடை கையில் கனத்தது. மின்விசிறி கடகடவென்றது. கிராம்பு எண்ணெய் வாசனை மூக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இல்லை, இதை இப்படியே விடக்கூடாது. சோதித்துப் பார்த்துவிடுவோம், ஆமாம், முதலில் சொன்னதற்கு நேர்மாறாக ஒன்றைச் சொல்லிப் பார்ப்போம், அந்த நீதிபதி மாதிரி. வடையைத் தட்டில் வைத்தாள். தொண்டையைச் செருமினாள். "வலி இல்லாம மகிழ்ச்சின்னு ஒண்ணு கிடையவே கிடையாது. வலிதான் மகிழ்ச்சிக்கு வேர்" என்றாள், நிதானமாக, கோர்ட்டில் வாசித்துக் காட்டுகிற குரலில். பஷீர் பாய் கண்ணை மூடிக்கொண்டார். "ஆஹா" என்றார். தலை மேலும் கீழும் போயிற்று. "ஆழமா இருக்குதும்மா" என்றாள் தமயந்தி. டாக்டர் டீயை ஆற்றினார்.

அவ்வளவுதான், முடிந்தது, பிடித்துவிட்டேன் என்று ஒரு கணம் துள்ளியது மனசு. அடுத்த கணம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. முதலாவதை நிஜமாகவே சொன்னேனா? வலி இல்லாமல் இருப்பதுதான் மகிழ்ச்சி என்று, வாயைத் திறந்து? நினைத்ததைச் சொன்னதாக எண்ணிக்கொண்டேனா? சொல்லியிருந்தால் ஞானராஜால் இதைத் தாங்கியிருக்க முடியுமா, ஒரு மனுஷன் எவ்வளவுதான் சத்தியம் செய்திருந்தாலும்? சொல்லவில்லை என்றால்தானே இவ்வளவு சாதாரணமாக டீயை ஆற்றமுடியும்? சொன்னேன். பாய் சரியாச் சொன்னீங்க மேடம் என்றாரே. நான் எதைச் சொன்னாலும் அவர் அதைத்தான் சொல்கிறார். சொன்னேன், சொல்லும்போது தமயந்தி சிரித்தாள். அவள் எதற்கும்தான் சிரிக்கிறாள். அந்தக் காலையில் பால் பாக்கெட்டின் மேல் குனிந்தபோது வந்த அதே பயம் வந்தது. எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். தலை வலிக்கிறது என்றால் போதும், மூன்று பேரும் ஆட்டோ பிடிக்க ஓடுவார்கள். போய்ப் படுத்துக்கொள்ளலாம், துரைசாமி போர்த்திவிடுவார், எது சொன்னாலும் சரி என்பார். சாகும் மட்டும் சரி, சரி, சரி. சீ என்று இருந்தது அவளுக்கு. புத்தி கெட்டுப்போயிருந்தால் கெட்டுப்போயிருக்கிறது என்று எவனாவது முகத்துக்கு நேரே சொல்லட்டும், அதைக் கேட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறேன், கேட்காமல் படுக்கமாட்டேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"பாய், எந்திரிங்க."

"என்ன மேடம், தண்ணி வேணுமா?"

"நாற்காலியை விட்டு எந்திரிங்க. எதிர்க்கத் தெரியாதவருக்கு அதுல என்ன வேலை?"

பஷீர் பாய் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "மங்கை, ஏறினா வழுக்கும்னு சொன்னேனே. பிரஷர் வேற..."

"பிரஷர் என்னுது. அதை நான் பாத்துக்கறேன்."

தமயந்தி முழங்கையைப் பிடிக்க வந்தாள். மங்கையர்க்கரசி அந்தக் கையைத் தட்டிவிட்டுவிட்டு, வலது காலை ஊன்றி, இடது காலைத் தூக்கி வைத்து, கொஞ்சம் அசிங்கமாகத்தான், ஏறி உட்கார்ந்தாள். சாயவில்லை. சாய்ந்தால் முகம் தெரியாது. மூன்று முகமும் அவளுக்குத் தெரிய வேண்டும்.

"முதல்ல நான் என்ன சொன்னேன்? வலி இல்லாததுதான் மகிழ்ச்சின்னு சொன்னேன். அப்பறம் வலி இல்லாம மகிழ்ச்சியே கிடையாதுன்னு சொன்னேன். ரெண்டுக்கும் தலையாட்டினீங்க. சொன்னேனா இல்லையா?"

இதுதான் அந்த இடம். சொல்லவில்லை என்று ஒருத்தர் சொன்னால் போதும், எல்லாம் போயிற்று. சொல்லுங்களேன். யாராவது எதையாவது சொல்லித் தொலையுங்களேன்.

"சொன்னீங்க" என்றாள் தமயந்தி, தரையைப் பார்த்துக்கொண்டு. "ரெண்டும் சொன்னீங்க மேடம்."

மங்கையர்க்கரசிக்குக் கண்ணில் நீர் முட்டியது. அதை விழவிடவில்லை, விழுந்தால் இவர்கள் ஜெயித்துவிடுவார்கள். "நல்லது. அப்ப கேட்டுக்கங்க. நான் பேசறது சரியா தப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒருத்தர் மறுத்தாத்தான் தெரியும். மறுக்க ஆள் இல்லைன்னா தெரிய வழியே இல்ல. அந்த வழியை நீங்க மூணு பேரும் சேர்ந்து அடைச்சிட்டீங்க. தை மாசம் என் மூளையில வந்தது ஒரு அடைப்பு. இது ரெண்டாவது அடைப்பு, இதை வெச்சது நீங்க. என் புத்தி சரியா இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாமப் பண்ணிட்டீங்க. இதுக்கு என்ன பதில் சொல்றீங்க?"

"மன்னிச்சிருங்க மேடம்" என்று பஷீர் பாய் தொடங்கினார். "நீங்க சொல்றது நூத்துக்கு நூறு..."

"தப்பு" என்றார் ஞானராஜ்.

டாக்டர் எழுந்து நின்றிருந்தார். காது மடல் சிவந்திருந்தது, வாதத்தில் சூடேறினால் அப்படித்தான் சிவக்கும், அதைப் பார்த்து எவ்வளவு நாளாகிவிட்டது. "மறுக்க ஆள் இல்லைன்னா தெரிய வழியே இல்லைன்னு சொன்னே. தப்பு. இப்ப நீ என்ன செஞ்சே? ஒண்ணுக்கொண்ணு முரணா ரெண்டு வாக்கியம் சொன்னே. ரெண்டும் சேர்ந்து நிக்காதுன்னு உனக்கு யார் சொன்னா? நான் சொன்னேனா? பாய் சொன்னாரா? ஒருத்தரும் மறுக்கல. மறுக்காமலேயே உனக்குத் தெரிஞ்சது. தெரிஞ்சதாலதான் எங்களை மாட்டிவிட முடிஞ்சது. உன் புத்தி சரியா இருக்கான்னு தெரிய வழியில்லைன்னு நீ சொல்ற இந்த வாதத்தை, புத்தி சரியா இருக்கறவளாலதான் இப்படிக் கட்ட முடியும். உன் வாதத்தை உன் சோதனையே உடைச்சிருச்சு மங்கை. அடித்தளமே இல்ல. மோசமான வாதம்."

அவள் அந்தச் சொற்களைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். மறுப்பு வந்தால்தான் தெரியும் என்றேன். மறுப்பு வரவில்லை. ஆனாலும் தெரிந்தது. தெரியாது என்று எனக்குத் தெரிந்தது என்று சொல்லலாமா? கூடாது, அது வக்கீல் புத்தி. முரணைக் கண்டுபிடிப்பது வேறு, சரியைக் கண்டுபிடிப்பது வேறு என்று பிரிக்கலாமா? பிரிக்கலாம், ஆனால் முரண் தெரிகிற கண்ணுக்கு மற்றதும் கொஞ்சம் தெரியத்தானே செய்யும். பயத்தை வைத்து வாதாடலாமா, எவ்வளவு பயந்தேன் தெரியுமா என்று? பயம் வாதம் ஆகாது. திரும்ப முதலிலிருந்து போனாள். ஒவ்வொரு படியாகக் கால் வைத்துப் பார்த்தாள், எந்தப் படியும் அறுந்திருக்கவில்லை, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழி போய்க்கொண்டே இருந்தது, போய் முடிந்த இடத்தில் ஞானராஜ் சொன்னது அப்படியே அசையாமல் உட்கார்ந்திருந்தது. அவள் தோற்றுவிட்டாள். ஓட்டை வைத்துப் பேசியதில் இல்லை, மனப்பூர்வமாக, கண்ணீர் முட்டப் பேசியதில் தோற்றுவிட்டாள், எங்கே தோற்றாள் என்பதும் தெளிவாகத் தெரிந்தது. சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம் அடிவயிற்றிலிருந்து பொங்கி வந்தது. அதோடு கூடவே, நாலு மாசமாக இதை வைத்துக்கொண்டு டீயை ஆற்றிக்கொண்டிருந்தானே இந்தப் பாவி என்று ஆத்திரமும் வந்தது. இரண்டில் எது பெரிசு என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"சரி, இது போச்சு. என் வாதம் விழுந்துருச்சு" என்றாள். "இப்ப நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க டாக்டர். முதல் வாக்கியத்துலயே ஓட்டை இருந்ததே, அது உங்களுக்குத் தெரிஞ்சதா?"

"மயக்க ஊசிதானே? வாய் வரைக்கும் வந்துச்சு."

"தெரிஞ்சும் தலையாட்டினீங்க."

"ஆட்டினேன்."

"எதுக்கு?"

ஞானராஜ் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமலே திரும்ப மாட்டிக்கொண்டார். "அன்னிக்குக் கட்டில்ல உன்னைப் பார்த்தேன். நான் ஏதாவது சொல்லி, நீ கோவப்பட்டு, அந்த இடத்துலயே செத்துட்டேன்னா? அந்த பயம்தான்."

"சாகறதா இருந்தா செத்துட்டுப் போறேன்" என்றாள் மங்கையர்க்கரசி. "அதுவரைக்கும் நான் உயிரோட இருக்கேன் இல்ல? உயிரோட இருக்கறவகிட்ட பேசற மாதிரி பேசுங்க. உட்காருங்க எல்லாரும். மறந்துபோன ஆள் அதே ஆள்தானா, அதான் இன்னிக்கிக் கேள்வி. அதே ஆள்தான்னு நான் சொல்றேன். தமயந்தி, நீ மறு."

டாக்டரைப் பார்க்கப் போன தமயந்தி பார்க்காமல் திரும்பி, நாற்காலியில் இருந்தவளை நேராகப் பார்த்தாள்.

"இல்ல மேடம்" என்றாள். "அதே ஆள் இல்ல."

"ஏன்?" என்றாள் மங்கையர்க்கரசி. "சொல்லு, ஏன்?"